ஏணி சம்பந்தமா ஏதோ

சின்னவர் பல் கட்டுகிறவர். டாக்டர் இல்லை. டாக்டர்கள் வாயில் அச்செடுத்து அனுப்புவார்கள். இவர் அதைப் பார்த்து மாவிலும் மெழுகிலும் பல் செட் செய்து, உப்புத்தாளில் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்கிக் கொடுப்பார். முப்பத்தைந்து வருஷமாக அந்த ஊர் சிரித்த சிரிப்பில் பாதி அவர் கைவேலை. அவர் செத்த அன்று அழ வந்தவர்கள் வாயில் இருந்ததும் அவர் கட்டிய பல்தான். எவ்வளவோ பேர் விம்மினார்கள், வெடித்தார்கள், வாய்விட்டுக் கதறினார்கள்; ஒருவர் வாயிலிருந்தும் ஒரு செட் நழுவவில்லை. ஒரே ஒரு கிழவருக்கு மேல்வரிசை கழன்று மடியில் விழுந்தது. விசாரித்துப் பார்த்ததில் அது வெளியூரில் கட்டியது.

வேலை மேஜையிலேயே போனார். கையில் பாதி தேய்த்த கீழ்வரிசை ஒன்று இருந்தது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்வதற்கு முன் அதைத் தண்ணீர்க் கிண்ணத்தில் பத்திரமாகப் போட்டிருந்தார் என்பதுதான் அவருடைய தொழில் பக்திக்கு அத்தாட்சி.

அவர் மனைவி சின்னவளுக்கு அழுகையோடு அழுகையாக ஒரே ஒரு கவலை. அந்த லேப்டாப்.

கறுப்புப் பையில் இருந்த அந்த லேப்டாப்பை விரல் வைத்தால்தான் திறக்க முடியும். வாங்கி வந்த அன்றே அதைச் சொல்லிவிட்டார். “என் விரல் படாம பிரம்மாவாலயும் திறக்க முடியாது, பார்த்துக்கோ.” வீட்டில் அவர் அதைத் திறந்து அவள் பார்த்ததே இல்லை. வீட்டில் வேலை பார்ப்பதில்லை என்பது கொள்கையாம். அதனால் ஊர் கூடி நின்ற கூடத்தில், மகள் அப்பாவின் கையைப் பிடித்தபடி உட்கார்ந்து அழுதபோது பார்த்தவர்கள் எல்லாம் உருகிப்போனார்கள். மகள் பிடித்திருந்த கைக்கு அடியில் லேப்டாப் இருந்தது. கட்டைவிரலில் தொடங்கி வலக்கையில் ஐந்து, இடக்கையில் ஐந்து. பெண்ணுக்கு அப்பா மேல் என்ன பாசம், ஒவ்வொரு விரலாகத் தடவிக் கொடுக்கிறாளே என்று எதிர்வீட்டம்மாள் மூக்கைச் சிந்தினாள்.

திறக்கவில்லை.

“உயிர் போன விரலை மிஷின் எடுக்காதாம்மா,” என்று மகள் காதோடு சொன்னாள்.

விரல் இல்லையென்றால் ஆறு இலக்க எண் ஒன்றைப் போட வேண்டும். காரியமெல்லாம் முடிந்ததும் மகள் அதையும் முயன்று பார்த்தாள். தன் பிறந்த நாள், அம்மாவின் பிறந்த நாள், கல்யாண நாள். “இதுல ஒண்ணுகூட அப்பாவுக்கு ஞாபகம் இருக்காதும்மா. இதையா வெச்சிருப்பார்?” என்று அவளே அலுத்துக்கொண்டாள். நாலைந்து தடவைக்குப் பிறகு லேப்டாப் கோபித்துக்கொண்டு எண்ணையும் கேட்க மறுத்துவிட்டது. மகளுக்கு லீவு முடிந்தது, வேலைக்குப் போய்விட்டாள்.

சின்னவளுக்கு அதற்குள் என்ன வேண்டும் என்று சொல்ல ஒன்பது வருஷம் பின்னால் போக வேண்டும்.

சின்னவருக்கு ஒரு அண்ணன். அவர் பெரியவர். சின்னவளுக்கு ஒரு அக்கா. அவள் பெரியவள். அண்ணன் அக்காவைக் கட்டினார், தம்பி தங்கையைக் கட்டினார். கூடப் பிறந்தவளே ஓரகத்தி. இப்படி ஒரு யோகம் ஆயிரத்தில் ஒருத்திக்குத்தான் அமையும். மாமியார் இருந்த காலத்தில், அந்தம்மாள் எவ்வளவு பெரிய திட்டாகத் திட்டினாலும் ஆளுக்குப் பாதியாகப் பங்குபோட்டு, மிச்சத்தைச் சிரித்தே தீர்த்துவிடுவார்கள். தனித்தனி வீடு போன பிறகும் காலை ஏழு மணிக்கு ஒரு போன், மத்தியானம் ஒன்று, விளக்கு வைத்ததும் ஒன்று. சின்னவர் குறட்டையில் சுருதி மாறினால் விடிவதற்குள் பெரியவள் மருந்து சொல்லிவிடுவாள். பெரியவர் குளியலறையில் வழுக்கி விழுந்தால், அவர் எழுந்திருப்பதற்கு முன்பே சின்னவர் வீட்டில் சிரித்து முடித்திருப்பார்கள்.

அப்படியிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, அண்ணன் வீட்டுக்குப் போன சின்னவர் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வெறுங்காலோடு திரும்பி வந்தார்.

“இனிமே அந்த வீட்டுக்கும் நமக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. உனக்கு நான் வேணும்னா அக்காவை மறந்துடு.”

“என்னதான் நடந்தது?”

“கேட்காதே. சொல்ல நாக்கு கூசுது.”

நாக்கு கூசுகிற விஷயம் என்றால் சாதாரணமா? சின்னவள் நம்பினாள். போனை எடுக்கவில்லை. அந்தப் பக்கத்திலிருந்தும் சில நாளில் நின்றுபோனது. எதிரே வந்தால் ஒருத்தி காய்கறிக் கடைக்குள் நுழைவாள், ஒருத்தி மருந்துக் கடைக்குள் நுழைவாள். வேண்டாத மாத்திரைகள் வீட்டில் ஒரு டப்பா சேர்ந்துவிட்டது. அவ்வப்போது அவள் அழுது கேட்கும்போதெல்லாம் சின்னவர் கறுப்புப் பையைத் தட்டிக் காட்டுவார். “எல்லாத்தையும் இதுல எழுதி வெச்சிருக்கேன். எனக்கப்புறம் படிச்சுக்கோ. அப்போ தெரியும் நான் ஏன் ஒதுங்கினேன்னு.”

அவர் போன அன்று பெரியவரும் பெரியவளும் வந்தார்கள். சின்னவள் எழுந்து போய், உடன் பிறந்தவளின் முகத்துக்கு நேராக கேட்டைச் சாத்தினாள். “அவர் இருந்தா உங்களை உள்ளே விட்டிருப்பாரா?” என்று கேட்டாள். பெரியவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பெரியவர் ஏதோ சொல்ல வாயெடுத்து, மூடி, மனைவியை இழுத்துக்கொண்டு வந்த வழியே போய்விட்டார்.

அன்றிலிருந்து அவளுக்குத் தூக்கம் இல்லை. அந்தக் காரணம் பெரியதாக இருக்க வேண்டும். மலை மாதிரி, கொலை மாதிரி இருக்க வேண்டும். இருந்தால் கேட்டைச் சாத்தியது சரி. இல்லாவிட்டால்? அதற்கு மேல் அவள் யோசிக்கவில்லை. லேப்டாப்பைத் திருப்பிப் பார்த்தாள். அடியில் ஒரு கடையின் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது.

கடை மூன்று பஸ் நிறுத்தம் தள்ளி இருந்தது. காதில் பேனா செருகுவது போல ஸ்க்ரூ டிரைவரைச் செருகிக்கொண்டு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். பையைப் பார்த்ததுமே முகம் மலர்ந்தாள்.

“நான் வித்த லேப்டாப் இல்ல இது? பல் சாரோட வீட்டம்மாவா நீங்க? சார் எப்படி இருக்கார்?”

“போயிட்டார். மூணு வாரம் ஆச்சு.”

“ஐயையோ! தெரியவே தெரியாதேம்மா. உட்காருங்க.” ஸ்டூலைத் துடைத்துப் போட்டாள்.

“இதைத் திறக்கணும். அவர் விரல்தான் வேணுமாம். பொண்ணு பத்து விரலையும் வெச்சுப் பார்த்துட்டா. உயிர் போன விரலை இது எடுக்காதாம்.”

கடைக்காரி ஒரு நிமிஷம் யோசித்தாள். பிறகு, துக்க வீட்டில் சிரிப்பு வந்தவளைப் போல உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

“உயிரோட இருந்தப்பவே எடுக்கலைம்மா.”

“என்னது?”

“சாருக்கு ரேகையே கிடையாதே. மாவு, மெழுகு, உப்புத்தாள்னு தேய்ச்சுத் தேய்ச்சு விரலெல்லாம் கூழாங்கல்லு மாதிரி ஆயிடுச்சு. இதே மேஜைல உட்கார்ந்து முப்பத்தாறு தடவை அமுக்கினார். எண்ணினேன். வெச்சது விரலா, கரண்டிக் காம்பான்னு மிஷினுக்கே சந்தேகம். விரல் வேண்டாம் சார், நம்பர் மட்டும் போதும்னேன். நம்பரை வீட்ல யாராவது எட்டிப் பார்த்துடுவாங்க, விரல்தான் வேணும்னு ஒரே பிடிவாதம்.”

“அப்போ இது யார் விரலுக்குத் திறக்கும்?”

“அந்த டிரைவிங் மாஸ்டர் விரலுக்குத்தான். கார்ல உட்கார்ந்திருந்தவரைக் கூட்டிட்டு வந்து வெச்சார். ஒரே அமுக்கு, பிடிச்சுக்கிச்சு. நம்பர் போட்டதும் அந்த மாஸ்டர்தான்.”

“எந்தக் கார்? எந்த மாஸ்டர்?”

“டிரைவிங் ஸ்கூல் கார்ம்மா. உங்களுக்குத் தெரியாதா? சார் ஏழு வருஷமா வண்டி ஓட்டக் கத்துக்கிட்டு இருந்தாரே!” கடைக்காரி வாசலுக்கு வெளியே மரத்தடியைக் காட்டினாள். “புதன்கிழமை அஞ்சு மணியானா அங்கே வந்து நிக்கும். ஒரு நாளும் நகர்ந்து பார்த்ததில்லை. ஸ்டியரிங் மேல லேப்டாப்பை வெச்சுக்கிட்டு ரெண்டு பேரும் மாத்தி மாத்தித் தட்டுவாங்க, விழுந்து விழுந்து சிரிப்பாங்க. பாடமெல்லாம் இப்போ கம்ப்யூட்டர்லதான் போலன்னு நினைச்சேன். இந்தத் தெருவுக்கே சார் மேல இரக்கம். பாவம் மனுஷன், ஏழு வருஷமா முதல் கியரே விழலைன்னு.”

புதன்கிழமை ஐந்து மணிக்குச் சின்னவர் நடைப்பயிற்சிக்குப் போவார். லேப்டாப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டுதான் போவார். எடை தூக்கி நடந்தால் எலும்புக்கு நல்லது என்று டாக்டர் சொன்னாராம்.

“அந்த மாஸ்டருக்கு,” என்று சின்னவள் மெதுவாகக் கேட்டாள், “இடது புருவத்துல பாதி முடி இருக்காதா?”

“ஆமாம்மா! தெரிஞ்சவரா?”

“தெரிஞ்சவர்தான்.”

“இந்த ரெண்டு மூணு வாரமா அவர் மட்டும் தனியா வந்து உட்கார்ந்துட்டுப் போறார். சாருக்கு லைசென்ஸ் கிடைச்சிடுச்சு போலன்னு சந்தோஷப்பட்டேன்.”

ஊரில் பாதி புருவத்தோடு டிரைவிங் சொல்லிக்கொடுக்கிறவர் ஒருவர்தான். பெரியவர். முப்பது வருஷமாக இடது பக்க சீட்டில் உட்கார்ந்து, கையைக் கட்டிக்கொண்டு, காலடியில் இருக்கும் இன்னொரு பிரேக்கை மட்டும் மிதிக்கிற வேலை. மனிதன் கையால் ஒரு துரும்பை எடுத்துப் போட்டதில்லை. அவர் விரலில் ரேகை புது நோட்டு மாதிரி இருந்ததில் அதிசயம் ஒன்றுமில்லை.

சின்னவள் தண்ணீர் வாங்கிக் குடித்தாள். அன்று செவ்வாய்க்கிழமை. வீட்டுக்குப் போய் ஒரு நாள் முழுக்கச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மறுநாள் ஐந்து மணிக்குத் திரும்பி வந்தாள்.

கார் நின்றிருந்தது. கூரையில் டிரைவிங் ஸ்கூல் பலகை. இடது சீட்டில் பெரியவர் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார். ஓட்டுகிறவர் சீட் காலியாக இருந்தது. சின்னவள் கதவைத் திறந்து அதில் உட்கார்ந்தாள்.

“அத்தான்.”

பெரியவர் கண்ணைத் திறந்தார். பிறகு, திறந்தது தப்போ என்பதுபோல் மறுபடி மூடினார்.

“நீ… நீ எங்கே இங்கே?”

“கத்துக்க வந்தேன். அவருக்கு ஏழு வருஷம் ஆச்சாமே. எனக்கு எத்தனை நாள் ஆகும்?”

“நான் சொல்றதைக் கொஞ்சம் கேளும்மா…”

“விரலை நீட்டுங்க.” லேப்டாப்பை எடுத்து ஸ்டியரிங்கின் மேல் சாய்த்து வைத்தாள்.

“இது பழைய சாமான். என்கிட்ட கொடு, வீட்டுக்கு எடுத்துட்டுப் போய்த் திறந்து, உனக்கு வேண்டியதை மட்டும்…”

“விரல், அத்தான்.”

பெரியவர் சுண்டுவிரலை வைத்தார். திறக்கவில்லை. மோதிர விரலை வைத்தார். திறக்கவில்லை. “எந்த விரல்னு மறந்தே போச்சு,” என்றார்.

“ஏழு வருஷமா வாரா வாரம் வெச்ச விரல் மறக்குமா? மூக்கு எங்கே இருக்குன்னு மறந்துதா?”

குழந்தைக்கு நகம் வெட்டுகிறவளைப் போல அவருடைய வலது ஆட்காட்டி விரலை இழுத்துப் பிடித்து அமுக்கினாள். வளர்த்தவனைக் கண்ட நாயாக லேப்டாப் உடனே எழுந்து வாலாட்டியது.

உள்ளே பல்லும் இல்லை, படமும் இல்லை. ஒரே ஒரு கோப்பு. அதன் பெயர் ‘காய்’. பிள்ளைகள் சண்டை போட்டுக்கொண்டு விரலைக் காட்டிக் காய் விடுவார்களே, அந்தக் காய்.

சின்னவள் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படிக்கத் தொடங்கினாள். தேதி போட்டு, தம்பிக்குத் ‘த’, அண்ணனுக்கு ‘அ’ என்று நாடகம் மாதிரி எழுதியிருந்தது.

*த: ரெண்டு வருஷமா வாயால சொன்னது போதும். போன வாரம் நீ ஒண்ணு சொல்லி நான் ஒண்ணு சொல்லி மாட்டியிருப்போம். இனிமே வீட்ல என்ன சொன்னோம்னு இங்கே எழுதிடணும்.*

*அ: சரி. முதல்ல சண்டை எதுக்குன்னு எழுது. மறந்துடும்.*

*த: எனக்கு ஏற்கெனவே மறந்துடுச்சு. உனக்கு?*

*அ: ஏணி சம்பந்தமா ஏதோ.*

*த: வீட்ல காரணம் கேக்கறா.*

*அ: சொல்லாதே. சொல்லாத காரணம்தான் ரொம்ப நாள் உழைக்கும்.*

சின்னவள் அந்த வரியை இரண்டு தடவை படித்தாள்.

“ஏணியா?”

“பதினேழு நாள் நிஜமாவே சண்டைம்மா,” என்றார் பெரியவர், நிஜச் சண்டை என்றால் மரியாதை கிடைக்கும் என்று நினைத்தவர் போல. “சத்தியமா பதினேழு நாள் பேசிக்கலை.”

“பதினெட்டாம் நாள்?”

“பஸ் ஸ்டாப்புல பார்த்தோம். சிரிப்பு வந்துடுச்சு.”

அவள் மேலே படித்தாள்.

*அ: ஒண்ணு கவனிச்சியா? அவங்க பேசிக்காம இருந்ததுலேருந்து வீடு எவ்வளவு அமைதியா இருக்கு! நான் தும்மினா உன் வீட்டுக்குத் தெரியறதில்லை.*

*த: கவனிச்சேன். ரெண்டு வருஷமா சொல்ல வெட்கமா இருந்தது. இனிமேலும் இப்படியே விட்டுடலாமா?*

*அ: விட்டுடலாம்.*

*த: இன்னைக்கு வீட்ல சொன்னது: கடைத்தெருவுல என்னைப் பார்த்துட்டு நீ காறித் துப்பினே.*

*அ: துப்பறது நல்லா இல்லை. எனக்குன்னு ஒரு மரியாதை இருக்கு. முறைச்சேன்னு மாத்து.*

*த: துப்பினேன்னு சொல்லியாச்சே.*

*அ: சரி. துப்பினேன்.*

அந்தத் துப்பலுக்காகச் சின்னவள் இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்திருக்கிறாள். அவருடைய சட்டையை வாங்கி, இல்லாத எச்சிலைத் தேடித் தேடித் துவைத்திருக்கிறாள்.

*அ: உன் வீட்டுக்கு நேரா போன் பண்ணப் போறேங்கிறா. என்ன செய்ய?*

*த: இவ நம்பரை மாத்திட்டேன். புதுசுல டவர் நல்லாக் கிடைக்கும்னு சொன்னேன்.*

அதற்கும் கீழே ஒரு வருஷம் தள்ளி:

*அ: இவளுக்குக் கர்ப்பப்பை எடுக்கணுமாம். செவ்வாய்க்கிழமை ஆபரேஷன். தங்கச்சியைப் பார்க்கணும்னு அழறா.*

*த: என்ன சொன்னே?*

*அ: சொல்லி அனுப்பினேன், வரமாட்டேன்னுட்டாள்னு சொன்னேன்.*

*த: சரி. நான் இங்கே ஒண்ணும் சொல்லலை.*

சின்னவள் தேதியைப் பார்த்தாள். அந்தச் செவ்வாய்க்கிழமையை எங்கெங்கோ தேடி ஒரு வழியாகக் கண்டுபிடித்தாள். ஜன்னல் திரை வாங்கப் போன நாள். நீலமா பச்சையா என்று சின்னவரைக் கேட்டாள். அரைமணி நேரம் யோசித்து, பச்சை என்றார்.

“அக்காவுக்கு ஆபரேஷனா?”

“இப்போ நல்லா இருக்காம்மா.”

“நான் வரமாட்டேன்னு சொன்னேனா?”

பெரியவர் காலடியில் இருந்த பிரேக்கை மிதித்தார். வண்டி ஓடவே இல்லை, பழக்கதோஷம்.

“சேர்த்து வெச்சுடலாம்னு எத்தனையோ தடவை பேசினோம். கீழே பாரு, எழுதியிருக்கோம். ஆனா சேர்ந்ததும் நீங்க ரெண்டு பேரும் முதல்ல பேசப் போறது எங்களைப் பத்தித்தானே? நாள் ஆக ஆக வெளியே வர வழி தெரியலை. அவன் செத்த அன்னைக்கு கேட்ல நின்னப்போகூட சொல்லிடலாம்னுதான்…”

“சொல்லலையே.”

“சொல்லலை.” அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “என் தம்பி முகத்தைக் கடைசியா ஒரு தடவை நான் பார்க்கலை. அதை நீ நினைச்சுப் பாரு.”

சின்னவள் நினைத்துப் பார்க்கவில்லை. கடைசிப் பக்கத்துக்குப் போனாள். அவர் இறப்பதற்கு ஆறு நாள் முன்பு எழுதியது.

*த: நாலு நாளா நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குது. ராத்திரி மூச்சு முட்டுது. வீட்ல சொல்லலை.*

*அ: டாக்டரைப் பாரு.*

*த: பார்க்கிறேன். இந்த வாரத்துக்கு என்ன சொல்றது?*

*அ: நான் உன்னைப் பத்திக் கேவலமாப் பேசினேன்னு சொல்லு.*

*த: அது போன மாசம் சொல்லியாச்சு.*

அவ்வளவுதான். கீழே வெள்ளையாக இருந்தது. அவள் விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். தனக்கென்று ஒரு வரி எங்காவது கிடக்குமா என்று பார்த்தாள். எல்லாவற்றையும் எழுதி வைத்திருக்கிறேன் என்று சொன்னார் அல்லவா? பொய் இல்லை. எல்லாவற்றையும்தான் எழுதியிருந்தார். முப்பத்தொரு வருஷம் பக்கத்தில் படுத்தவளுக்குத் தெரியாத நெஞ்சுவலி, நகராத காரில் உட்கார்ந்திருந்தவருக்குத் தெரிந்திருக்கிறது.

“இந்தப் பக்கம் வாங்க,” என்று இறங்கினாள். “ஓட்டுங்க.”

“எங்கே?”

“எங்க அக்கா வீட்டுக்கு.”

பெரியவர் கெஞ்சினார். நாளைக்குப் போகலாம் என்றார். அவளுக்கு ரத்தக் கொதிப்பு என்றார். தனக்கும் ரத்தக் கொதிப்பு என்றார். கடைக்காரி கடை வாசலில் வந்து நின்று, அம்மாவாவது சீக்கிரம் கற்றுக்கொள்ளட்டும் என்று கையசைத்தாள். வேறு வழியில்லாமல் பெரியவர் வண்டியை எடுத்தார். முப்பது வருஷ மாஸ்டர், அந்த இரண்டு மைலில் நான்கு தடவை வண்டியை அணையவிட்டார்.

பெரியவள்தான் கதவைத் திறந்தாள். இளைத்திருந்தாள். தங்கையையும், தங்கைக்குப் பின்னால் திருடனைப் போல நின்ற புருஷனையும் பார்த்தாள்.

“என்னடி, வழி தெரிஞ்சுதா?”

சின்னவள் உள்ளே போய், “இது அவரோட லேப்டாப்,” என்று சாப்பாட்டு மேஜையில் வைத்தாள். அது மறுபடி பூட்டிக்கொண்டிருந்தது.

“அத்தான், விரல்.”

இந்தத் தடவை சரியான விரல் தானாக வந்தது.

“உங்க விரலா?” பெரியவளின் புருவம் ஏறியது. “அது கொழுந்தனாரோட லேப்டாப் இல்ல? உங்க விரலுக்கு ஏன் திறக்குது?”

“படி,” என்றாள் சின்னவள்.

பெரியவள் உதட்டை அசைத்து அசைத்துப் படித்தாள். கொஞ்ச நேரத்தில் நிமிர்ந்தாள்.

“ஏணியா? எந்த ஏணி? நம்ம வீட்ல ஏணியே கிடையாதே! பல்பு மாத்தணும்னா மேஜை மேல ஸ்டூலைப் போட்டு நான்தானே ஏறறேன்?”

“எங்க வீட்லயும் கிடையாது அக்கா.”

அந்த ‘அக்கா’ ஒன்பது வருஷத்துக்குப் பிறகு வந்தது. இருவருமே அதைக் கவனிக்காத மாதிரி இருந்துவிட்டார்கள். பெரியவள் மேலே படித்தாள். ஆஸ்பத்திரி வந்த இடத்தில் அவள் உதடு நின்றது. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு புருஷனைப் பார்த்துத் திரும்பினாள்.

“தையல் போட்ட வயித்தோட படுத்திருந்தேன். கதவு திறக்கும்போதெல்லாம் இவதான்னு எட்டி எட்டிப் பார்த்தேன். நீங்க பக்கத்துல உட்கார்ந்து ஆப்பிள் நறுக்கிக்கிட்டே, ‘விட்டுத் தொலை, கல்நெஞ்சக்காரி’ன்னீங்க. அந்த ஆப்பிளை எனக்கு ஊட்டினீங்க. நானும் தின்னேன்!”

“அது வந்து…”

“வாயைத் திறந்தீங்கன்னா இந்த லேப்டாப்பாலேயே மண்டையைப் பொளந்துடுவேன்.” பிறகு தங்கை பக்கம் திரும்பினாள். கோபம் இறங்கவில்லை. “இவங்க பொய் சொன்னாங்க, சரி. கேட்டைச் சாத்தினது யாரு? அதை இவரா டைப் அடிச்சார்?”

“இல்லை,” என்றாள் சின்னவள். “அது நான்தான்.”

“ஒரே ஒரு தடவை, என்கிட்ட நேரா வந்து, ஏன்டி இப்படின்னு கேட்டிருக்கக் கூடாது?”

“நீயும் கேட்கலையே.”

பெரியவள் புருஷன் பக்கம் திரும்பினாள். அந்தக் கோபத்தையும் சேர்த்து அவர் மேல் கொட்டினாள். அதை அப்படியே எழுத இந்தக் காகிதம் தாங்காது. கல்யாணத்தன்று மாலையைத் தலைகீழாகப் போட்டதிலிருந்து தொடங்கினாள். நடுவில் டிரைவிங் ஸ்கூல் வந்தது, பாதிப் புருவம் வந்தது, பெரியவரின் தாத்தா வந்தார். பக்கத்து வீட்டில் டிவியை அணைத்துவிட்டுக் கேட்டார்கள். பெரியவர் ஒவ்வொரு திட்டுக்கும் ஒரு அங்குலம் குட்டையானார். கடைசியில் மேஜைக்கு மேலே தலை மட்டும்தான் தெரிந்தது.

சின்னவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவளுக்கும் நெஞ்சு முட்ட இருந்தது. துப்பல் இருந்தது, திரை இருந்தது, மாற்றிய நம்பர் இருந்தது, தன்னிடம் சொல்லாத அந்த நான்கு நாள் மூச்சுத்திணறல் இருந்தது. அக்கா மூச்சு வாங்க நிறுத்தியபோது சொன்னாள்:

“உனக்காவது திட்ட ஆள் இருக்கு, அக்கா.”

பெரியவள் தங்கையைப் பார்த்தாள். பிறகு ஒரு நாற்காலியை இழுத்து மேஜைக்கு எதிரே போட்டாள். புருஷனைத் தோளைப் பிடித்து அதில் உட்கார வைத்தாள்.

“ரெண்டு பேரும் சேர்ந்துதானே எழுதினீங்க? அவருக்கும் சேர்த்து நீங்களே வாங்கிக்கங்க. கேளுடி. எவ்வளவு நேரம் வேணுமோ கேளு.”

சின்னவள் எதிரே உட்கார்ந்தாள். அண்ணன் தம்பிக்குக் காது ஒரே அச்சு. கீழுதடும் அப்படித்தான். கொஞ்சம் கண்ணைச் சுருக்கிக்கொண்டால் போதும். அவள் சுருக்கிக்கொண்டாள். எங்கே தொடங்குவது என்று தேடினாள். முப்பத்தொரு வருஷமாக எதற்கும் எந்தச் சொல்லில் தொடங்கினாளோ அதுதான் வாயில் வந்தது.

“ஏங்க…”

கூப்பிடத்தான் வாயெடுத்தாள். ஆனால் சொல் வெளியே வந்தபோது அது கேள்வியாக மாறியிருந்தது.

“ஏங்க?”

பெரியவர் இரண்டு பெண்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

“என்னையா கேட்கிறே?” என்றார்.

“இல்லை,” என்றாள் சின்னவள்.